கடைசிக்கு முந்தின இடம்

"லெஃபா அண்ணன் இன்னைக்கும் கிளம்பிட்டாரு," என்றாள் மாலினேயோ. ஜன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை உள்ளங்கையால் தேய்த்து ஒரு ஓட்டை போட்டு, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணவர் கோராய் போர்வைக்குள்ளிருந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டினார். "எங்க?"

"சைக்கிள்ல, மலைக்கு. இந்தக் குளிர்ல அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டுப் போறாரு. பாருங்களேன்."

"அவன் கால நான் எதுக்குப் பாக்கணும்?"

"சும்மா சொன்னேன். கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிருச்சு."

தேநீர் வந்தது. கோராய் அதைத் தொடாமல் தள்ளி வைத்தார்.

லெஃபாவும் கோராயும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். இப்போது லெஃபாவுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் சோளம் அரைக்கும் மில். கோராய்க்கு ஓடைக்கு இந்தப் பக்கம் கம்பளிக் கொட்டகையில் மூட்டை எடைபோடும் வேலை. ஒருவர் வீட்டுக்குத் தகரக் கூரை போட்டால் அடுத்த மாதம் மற்றவர் வீட்டிலும் தகரம் மின்னும். ஒரே வயது, ஏறக்குறைய ஒரே தொப்பை. ஊரில் இத்தனை வருஷம் அமைதி நிலவியதற்கு அந்தச் சமநிலைதான் காரணம். இப்போது லெஃபா அதைக் கெடுக்கப் பார்க்கிறார்.

"நானும் ஓட்டுவேன்," என்றார் கோராய்.

"எதை?"

"சைக்கிளை. உன் தம்பி சுரங்க வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போனானே, அது எங்க?"

"கோழிக் கூண்டுக்குப் பின்னால கிடக்கு. ஆனா அது பெரிய பெரிய கியர் எல்லாம் உள்ள மலைச் சைக்கிளாச்சே. லெஃபா அண்ணன் மாதிரி ஆளுங்கதான்..."

அவர் மிச்சத்தைக் கேட்கவில்லை. கம்பளிப் போர்வையைத் தோளில் ஊசி குத்திப் போர்த்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

திட்டம் எளிமையானது. ஜன்னலுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை லெஃபாவை முந்திவிட்டு, வீட்டுக்கு வந்து, நிம்மதியாகத் தேநீர் குடிப்பது. மறுநாள் காலை கம்பளிக் கொட்டகையைத் தாண்டுவதற்குள் செயின் கழன்றது. விரல் விறைத்துப்போய் அதை மாட்டவும் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து லெஃபா மேலேயிருந்து சர்ரென்று இறங்கி வந்து, பக்கத்தில் பிரேக் போட்டார்.

"என்னடா கோராய், உதவி வேணுமா?"

"வேணாம். இப்பதான் மேல போயிட்டு வந்தேன். செயினுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுத்திருக்கேன்."

லெஃபாவின் முகம் சுருங்கியது. "மேலன்னா எவ்வளவு மேல?"

"பனி தொடங்குற இடம் வரைக்கும்."

அந்தப் பொய் அப்போதைக்கு இனித்தது. மறுநாள் மாலினேயோ ஜன்னலோரத்தில் நின்று, "லெஃபா அண்ணன் பனி தொடங்குற இடம் வரைக்கும் போய்ட்டு வந்துட்டாராம்," என்றபோது கசந்தது. தான் சொன்ன இடத்துக்குத் தானே போகாமலிருந்தால் அசிங்கம். போனார். சைக்கிளில் பாதி, தள்ளிக்கொண்டு பாதி. இறங்கும்போது காற்று காதை அறுத்தது. மூக்கு இருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அடுத்து சர்க்கரை.

"லெஃபா அண்ணன் தேநீர்ல சர்க்கரையை விட்டுட்டாராம்," என்றாள் மாலினேயோ, கரண்டியைச் சர்க்கரை டப்பாவுக்குள் விட்டபடி. "உங்களுக்கு எப்பவும் போல மூணுதானே?"

கோராய் கோப்பையைக் கையால் மூடினார். "எனக்கும் வேணாம்."

"அவருக்கு மனசு உறுதி. நீங்க எதுக்குக் கஷ்டப்படுறீங்க?"

"வேணாம்னா விடு."

அதே வாரத்தில் லெஃபா சோளக் கள்ளையும் விட்டார். கோராயும் விட்டார். லெஃபா களியைக் குறைத்துக் கீரையைக் கூட்டினார். கோராயின் தட்டில் கீரை மலைபோலக் குவிந்தது. அதை மென்றுகொண்டிருக்கும்போதுதான் அவருக்குள் ஒரு கேள்வி முளைத்தது.

"அவன் என்ன திங்கிறான், என்ன குடிக்கிறான்னு உனக்கு எப்படித் தெரியுது?"

"மாசெச்சாபா சொன்னா."

மாசெச்சாபா லெஃபாவின் மனைவி. பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் மாலினேயோ அதைச் சொன்ன வேகம் சரியாக இல்லை.

இரண்டு நாள் கழித்து கோராய் வேலை விட்டு வரும்போது, லெஃபாவின் மில்லிலிருந்து அவள் வெளியே வந்தாள். சிரித்துக்கொண்டே வந்தவள், இவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

"சோளம் அரைக்க."

"மூட்டை எங்க?"

மாலினேயோ தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "நாளைக்குக் கொண்டுவரட்டுமான்னு கேக்கப் போனேன்."

அன்றிலிருந்து கோராய்க்குக் கெண்டைக்கால் ஒரு பெரிய விஷயமே இல்லாமல் போனது. அவருடைய நெஞ்சுக்குள்ளேயே லெஃபா சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தார். எடைபோடும்போது எண்கள் குழம்பின. ஒரு கிழவரின் கம்பளி மூட்டையை எடைபோட்டுவிட்டு, "லெஃபா கிலோ," என்றார். கிழவர் மரியாதையாக இன்னொரு தடவை போடச் சொன்னார்.

அந்த ஊரில் குளிர் உச்சத்தில் இருக்கும் ஜூலையில் பனிப் பந்தயம். அடிவாரத்துக் கால்பந்து மைதானத்தில் தொடங்கி, கணவாய் வரை ஏறி, மேய்ப்பர்களின் கல் குடிசைகளைச் சுற்றிக்கொண்டு, ஆட்டுப் பாதை வழியாக மைதானத்துக்கே இறங்க வேண்டும். தலைநகரிலிருந்தும் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒல்லி ஒல்லியான இளைஞர்கள் வருவார்கள். உள்ளூர்க்காரர்கள் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டு கைதட்டுவார்கள்.

"லெஃபா அண்ணன் இந்தத் தடவை பேர் குடுக்கிறாராம்," என்றாள் மாலினேயோ.

கோராய் கீரையைப் பாதியில் விட்டுவிட்டுச் சபைக் கூடத்துக்கு ஓடினார். மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"மாமா, சமையல் குழுவுக்கா பேர் குடுக்கிறீங்க?"

"பந்தயத்துக்கு. லெஃபா குடுத்துட்டானா?"

"இல்லையே. உங்க வயசுல யாருமே குடுக்கல. நீங்கதான் முதல் ஆள்."

கோராய்க்குத் திக்கென்றது. பேரை அடிக்கச் சொல்ல வாயைத் திறந்தார். பின்னால் மாசெச்சாபாவின் குரல் கேட்டது.

"கோராய் அண்ணன் பேர் குடுத்துட்டாரா? எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா ஆடிப் போயிடுவாரு."

வாய் தானாக மூடிக்கொண்டது. மறுநாள் காலை முதல் ஆளாக லெஃபாவும் வந்து பேர் கொடுத்துவிட்டுப் போனதாகச் செய்தி வந்தது.

பந்தய நாளன்று விடிவதற்கு முன்பே பனி பெய்திருந்தது. கிளம்பும்போது மாலினேயோ ஒரு குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து அவர் தலையில் மாட்டினாள். சிவப்பில் மஞ்சள் கோடு. ஒரு மாதமாக உட்கார்ந்து அவளே பின்னியது. கோராய்க்குக் கண் கலங்கியது. இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நினைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

அங்கே லெஃபா நின்றுகொண்டிருந்தார். தலையில் குரங்குக் குல்லா. சிவப்பில் மஞ்சள் கோடு.

இருவரும் ஒருவர் குல்லாவை மற்றவர் பார்த்தார்கள். துப்பாக்கி வெடித்தது.

இளைஞர்கள் சேற்றையும் பனியையும் வாரியடித்துவிட்டு முதல் வளைவிலேயே மறைந்துபோனார்கள். அதன் பிறகு அந்த மலையில் இரண்டே பேர்தான். யார் ஜெயிப்பார் என்பது இவர்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. யார் கடைசி என்பதுதான் பந்தயம்.

ஏற்றத்தில் லெஃபா நாலு முழம் முன்னால் போனார். கோராய் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கியர் உறைந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பாட்டிலில் தண்ணீர் கட்டியாகிவிட்டது. இறங்கித் தள்ளினால் தேவலை. ஆனால் லெஃபா இறங்காதபோது எப்படி இறங்குவது? லெஃபாவும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு அதையேதான் யோசித்தார். கடைசியில் இருவரும் நடக்கிற வேகத்தைவிட மெதுவாக மிதித்துக்கொண்டிருந்தார்கள். வழியில் நின்ற ஒரு செம்மறியாடு அவர்களைத் தாண்டி மேலே போனது.

"இறங்கேண்டா," என்றார் கோராய், மூச்சிரைக்க.

"நீ இறங்கு முதல்ல."

"சேர்ந்து இறங்குவோம்."

சேர்ந்து இறங்கினார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கணவாய்க்கு வந்து சேர்ந்தபோது பனிமூட்டம் சூழ்ந்திருந்தது. அங்கே கோராயால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அந்தக் குல்லா உனக்கு யார் குடுத்தது?"

"என் பொண்டாட்டி. உனக்கு?"

"என் பொண்டாட்டி. ஒரே நூல், ஒரே கோடு. என்னடா நடக்குது? என் வீட்ல காலையில கண்ணு முழிச்சா உன் பேரு. தேநீர் குடிச்சா உன் பேரு. உன் கெண்டைக்காலைப் பத்திப் பேசுறாடா அவ."

லெஃபா சைக்கிளைப் பனியில் போட்டுவிட்டார். "நான் கேக்க வேண்டியதை நீ கேக்குற. என் வீட்ல உன் பேரைத் தவிர வேற பேச்சே கிடையாது. கோராய் அண்ணன் கள்ளை விட்டுட்டாரு, கோராய் அண்ணன் இடுப்பு எப்படி ஆயிருச்சு பாருங்க... இதெல்லாம் கேட்டுத்தானே நான் சைக்கிளை எடுத்தேன்."

"பொய் சொல்லாத. முதல்ல எடுத்தது நீ."

"நீதான். மே மாசமே விடியறதுக்குள்ள நீ மலையேறிட்டு வந்துடுறதா மாசெச்சாபா சொன்னா."

"மே மாசம் நான் போர்வையை விட்டே எழுந்திரிக்கலடா."

லெஃபா மெதுவாகச் சொன்னார்: "ஏறாத மலையை நீ ஏறினதா அவ சொல்றான்னா... அவ மனசுல நீ எவ்வளவு தூரம் ஏறியிருக்கணும்?"

கோராய்க்கும் உறைத்தது. அப்படியென்றால் மாலினேயோ மனசில் இவன் எவ்வளவு தூரம்? அவர் லெஃபாவின் குல்லாவைப் பிடித்து இழுத்தார். லெஃபா இவருடைய குல்லாவை இழுத்தார். இரண்டு குல்லாவும் கழன்று பனியில் விழுந்தன. எது எவருடையது என்று தெரியாமல் ஆளுக்கொன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டுக் கல் குடிசைப் பக்கமிருந்து மேய்ப்பர்களின் நாய்கள் பாய்ந்து வந்தன. அதன் பிறகு வழக்கைத் தொடர நேரமில்லை. இருவரும் சைக்கிளில் தாவி ஏறினார்கள். ஆட்டுப் பாதையில் அன்று அவர்கள் இறங்கிய வேகத்தில் அதுவரை வேறு யாரும் இறங்கியதில்லை என்று மேய்ப்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். கோராயின் பிரேக் பிடிக்கவில்லை. லெஃபா பிரேக் பிடிக்கவே இல்லை. ஓடைப் பனிக்கட்டியில் இரண்டு சைக்கிளும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே கடந்தன. வழியில் டயர் பஞ்சராகி நின்றிருந்த தலைநகரத்து இளைஞர்கள் மூன்று பேர் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மைதானத்துக் கயிற்றை இருவரும் ஒன்றாகத் தொட்டு, ஒன்றாக விழுந்தார்கள்.

யாருக்குக் கடைசி இடம் என்று நடுவர் சொல்லவில்லை. இவர்களுக்குப் பின்னால் அந்தப் பஞ்சர்க்காரர்கள் மூன்று பேர் இன்னும் வர வேண்டியிருந்தது. கூட்டம் விசிலடித்தது.

மாலினேயோ ஓடிவந்து கம்பளியை விரித்தாள். லெஃபாவைத் தாண்டிக்கொண்டு நேராகக் கோராயிடம் வந்து, கழுத்துவரை இறுக்கிப் போர்த்திவிட்டு, அவருடைய கன்னத்தை இரண்டு கையாலும் தேய்த்தாள். அவள் லெஃபாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மாசெச்சாபா தன் வீட்டுக்காரரின் தாடியிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோராய் குழம்பினார். "இப்ப அவனோட கெண்டைக்காலைப் பாக்கலையா நீ?"

"எந்தக் கெண்டைக்கால்? பேசாம இருங்க. உதடு நீலமா இருக்கு."

முதலுதவிக் கூடாரத்தில் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊர் ஆஸ்பத்திரி நர்ஸ் லிம்போ வந்து இருவருக்கும் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கையிலிருந்த சிறிய கருவியைப் பார்த்தாள். புருவம் உயர்ந்தது. இன்னொரு தடவை பார்த்தாள்.

"போன கோடையில ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, சர்க்கரையைக் குறைங்க, உடம்பைக் குறைங்கன்னு கத்தினேன். சிரிச்சுட்டுப் போயிட்டீங்க," என்றாள். "இப்ப ரெண்டு பேருக்குமே சரியா இருக்கு."

"இவனைவிட எனக்குக் கம்மிதானே?" என்றார் கோராய்.

"எனக்குத்தான் கம்மி," என்றார் லெஃபா.

கூடாரத்துக்கு வெளியே நெருப்புப் பக்கத்தில் நர்ஸின் கணவர் எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளின் மூன்றாவது தட்டை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். நர்ஸ் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாசலில் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்தபடி நின்ற மாலினேயோவையும் மாசெச்சாபாவையும் திரும்பிப் பார்த்தாள்.

"அக்காங்களா, உங்க வைத்தியம் நல்லா வேலை செய்யுது, நாளைக்குக் காலையிலேருந்து நான் எங்க வீட்ல இவங்க ரெண்டு பேர் கெண்டைக்காலையும் புகழ ஆரம்பிக்கலாமா?"