எறியாதேங்கோ டீச்சர்

நோர்வூட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் குப்பைத் தொட்டியையே பட்டினி போட்ட ஒரே ஆள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மூன்றாம் வகுப்பு டீச்சர்தான். யார் எதைத் தூக்கிப் போடக் கையை ஓங்கினாலும், "ஐயோ, எறியாதேங்கோ!" என்று பாய்ந்து வருவார். பிள்ளைகள் அதையே பெயராக்கிவிட்டார்கள். வீட்டில் வைத்த பெயர் என்னவென்று அதிபருக்கே சட்டென்று வாயில் வராது.

நான் அடுத்த அறையில் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். ஒருநாள் என் குடை காற்றில் கிழிந்து உயிரை விட்டது.

"உந்தக் குடையை எனக்குத் தாங்கோ சேர்."

"துணியே இல்லாத குடைங்க டீச்சர். இத வச்சு என்னா செய்யப் போறீங்க?"

"எட்டுக் கம்பியும் கிடக்குதெல்லோ! எட்டுக்கால் பூச்சிக்கு வேற என்ன வேணும்?"

மறுநாள் என் குடை கறுப்புக் கம்பளி நூல் சுற்றி, இரண்டு போத்தல் மூடிக் கண்களோடு மூன்றாம் வகுப்புக் கூரையில் தொங்கியது. நான் அந்த மழைக்காலம் முழுக்க நனைந்தேன்.

கையால் செய்தால்தான் பிள்ளைகளுக்கு விளங்கும் என்பது அவர் கட்சி. அதில் தோற்றதும் உண்டு. வந்த புதிதில் நிழலைப் பார்த்து நேரம் சொல்லிக் கொடுக்க, முற்றத்தில் ஒரு முள்முருக்கங் கம்பை நட்டுச் சுற்றிக் கற்களை வைத்தார். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர் அல்லவா? எங்கள் மலையில் ஆடி மாதம் சூரியன் லீவு போட்டுவிடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பிள்ளைகள் மூடுபனியில் கம்பைச் சுற்றி உட்கார்ந்து, "டீச்சர், மணி வந்துருச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிழல் விழவே இல்லை. சில வாரத்தில் கம்பு துளிர் விட்டது. டீச்சர் அசரவில்லை.

"சரி பிள்ளையள், இண்டைக்குத் தாவரப் பாடம்" என்றார்.

அவரையும் அழ வைத்தது ஒன்று உண்டு. முதல் வருடம் பிள்ளைகள் செய்தவற்றையெல்லாம் அடுக்கிக் கண்காட்சி வைத்தார். பெற்றோர் ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? ஒரு நாள் மலைக்குப் போகாவிட்டால் வேலைக்கு வந்ததாக அன்றைய பேர் விழாது, சம்பளமும் இல்லை. பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, செய்ததைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று, ஏற்கெனவே அழித்த பலகையை மறுபடி மறுபடி அழித்தார்.

அடுத்த வருடம் வகுப்பைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கூட்டிப்போனார். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. அங்கே விளையாட இருந்தது தலையில்லாத ஒரு பொம்மை. "நாங்க செஞ்சு குடுப்போம் டீச்சர்" என்று பிள்ளைகளே சொன்னார்கள். அன்றிலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒரு பால்மா டின் தப்பவில்லை. பழைய செருப்பை வெட்டிச் சில்லு வைத்த லொறி, கிலுகிலுப்பை, தேயிலை ஃபெக்டரி, அதன் உச்சியில் பிளாஸ்டிக் குழாயும் பலூன் ரப்பரும் வைத்து ஊதுகிற சங்கு!

கொடுப்பதற்கு முன் மறுபடி கண்காட்சி. அன்றும் வந்தவர்கள் அதிபர், நான், ஒரு நாய். பிள்ளைகளின் முகம் வாடத் தொடங்கியதும் டீச்சர் பேச்சை மாற்றினார்.

"பிள்ளை, சங்கு வடிவா வேலை செய்யுதோ எண்டு ஒருக்கா ஊதிப் பாரும்."

பிள்ளை என்றால், கணக்கப்பிள்ளையின் மகள். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் அப்பாவின் தொண்டை அவளுக்கு அப்படியே வாய்த்திருந்தது. ஊதினாள். அதிபரின் கையிலிருந்த தேநீர் சட்டையில் ஊற்றியது. நாய் ஓடிவிட்டது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், பகல் சாப்பாட்டுக்கு ஃபெக்டரிச் சங்கு ஊதிவிட்டதாக நினைத்தார்கள். வெயிலைப் பார்த்து மணி சொல்ல அன்றும் சூரியன் இல்லை. போன் இருந்தவர்களும் மழைக்குப் பயந்து அதை மடிக்குள் சுற்றி வைத்திருந்தார்கள். பனிக்குள்ளிருந்து கூடையும் தலையுமாக ஒவ்வொருவராக இறங்கி, பள்ளிக்கூடத்துக்குக் கீழே இருக்கும் கொழுந்து மடுவத்துக் கொட்டகையில் நிறுவைக்கு வரிசையாக நின்றார்கள். டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"பிள்ளையள்! எல்லாத்தையும் தூக்குங்கோ! ஓடுங்கோ!"

கண்காட்சி மடுவத்துக்கு இறங்கியது. தராசு மேடையில் ஃபெக்டரி, தொங்கு கொக்கியில் என் குடை. கணக்கப்பிள்ளை மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்.

"என்னா டீச்சர் இது! தோட்டத்துச் சங்க நீங்க ஊதலாமா?"

"தோட்டத்துச் சங்கை நான் தொடேல்லை. இது மூண்டாம் வகுப்புச் சங்கு."

"யாரு ஊதுனது? எனக்கு இப்ப தெரியணும்!"

வகுப்பு மொத்தமும் ஒரே பக்கம் திரும்பியது. "நாந்தாம்ப்பா" என்றாள் மகள்.

கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "சத்தமாத்தான் ஊதியிருக்க" என்றார் மெதுவாக. பிறகு பெண்களைப் பார்த்து, "நேரத்துல பாத்துட்டு மலை ஏறுங்க! நானும்... பாத்துட்டு வாறேன்" என்றார்.

தாய்மார் ஈரக் கையை இடுப்பில் கட்டிய படங்கில் துடைத்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் தொட்டார்கள். "இந்த லொறிய நீயாடா செஞ்ச? மெய்யாவா?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். டீச்சர் தூணுக்குப் பின்னால் நின்று, சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு ஊருக்கே மாற்றம் கிடைத்தது. போகட்டும், அம்மாவோடு இருக்கட்டும் என்று நாங்களும் பெருந்தன்மையாகச் சொல்லி அனுப்பிவைத்தோம்.

போன வாரம் பிள்ளைக்காம்பராப் பக்கம் போனேன். தொட்டிலுக்கு மேலே என் குடை இன்னும் ஆடுகிறது. ஒரு கால் கழன்று தொங்கியது. கீழே படுத்திருந்த குழந்தை அதைப் பார்த்துக் கையைக் காலை உதைத்துச் சிரித்தது. ஆயா குடையை எட்டிப் பிடித்தார்.

"நைஞ்சு போச்சுங்க சேர். தூக்கிப் போட்டுறவா?"

நான் இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒருநாளும் யாழ்ப்பாணத் தமிழ் பேசியதில்லை. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"ஐயோ, எறியாதேங்கோ!"