‘ரொம்ப’வுக்கு இங்கிலீஷில் என்ன?

சாப்பாட்டு மேஜை மேல் கணவர் வைத்திருந்த கம்பெனி போனை எடுத்து, அதில் வந்திருந்த செய்தியை இரண்டாம் தடவையும் படித்தாள் டீச்சரம்மா. எதிரே உட்கார்ந்திருந்த சூப்பர்வைசர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். அவர் மனைவி எதையாவது இரண்டாம் தடவை படிக்கிறாள் என்றால் அதில் தப்பு இருக்கிறது என்று அர்த்தம். பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் டீச்சர்.

"'டூ சாஃப்ட்? ரியலி? ப்ளீஸ் டெல் மீ மோர்.' என்னங்க இது? யாரு இவங்க?"

"வெளிநாட்டு ஓட்டல்காரம்மா. மெத்தை வாங்கறதுக்கு விசாரிக்கறாங்க."

"அதுக்கு நீங்க என்ன எழுதினீங்க?"

"நம்ம மெத்தை ரொம்ப மெத்துன்னு இருக்கும்னு எழுதினேன்."

"இங்கிலீஷ்ல என்ன எழுதினீங்க?"

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "திஸ் மேட்ரஸ் இஸ் டூ சாஃப்ட். யூ வில் ஸ்லீப் டூ மச்."

டீச்சரம்மா கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள். அவள் பேனாவை மூடினால் விஷயம் திருத்தும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்று பொருள்.

"ஏங்க, 'வெரி சாஃப்ட்'னா ரொம்ப மெத்து. 'டூ சாஃப்ட்'னா அளவுக்கு மீறிப் போச்சு, ஆகாதுன்னு அர்த்தம். சட்டை 'டூ டைட்'னா போட முடியாது. டீ 'டூ ஹாட்'னா குடிக்க முடியாது. மெத்தை 'டூ சாஃப்ட்'னா?"

"படுக்க முடியாது," என்றார் சூப்பர்வைசர் முனகலாக.

"அதைத்தான் விக்கறவரே எழுதி அனுப்பியிருக்கீங்க. அந்தம்மா மயக்கம் போட்டு விழாம 'ரியலி'ன்னு கேட்டிருக்காங்க. நல்ல மனுஷி."

"நாம எல்லாத்துக்கும் 'ரொம்ப'ன்னுதானே சொல்றோம்? சட்டை ரொம்ப டைட்டு. நீ ரொம்ப நல்லவ."

"ரெண்டும் ஒண்ணா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அந்த யோசனை அவருக்கு நல்லதாக முடியவில்லை.

மெத்தைக் கம்பெனியில் அவர் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தே அது எத்தனை காலம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். ஆனால் இங்கிலீஷில் எழுதுகிற வேலை அவருடையது அல்ல. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் பெண் கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டாள். முதலாளியின் இங்கிலீஷ் 'எஸ்', 'நோ', 'ஓக்கே' மூன்றோடு சரி. "உன் வீட்டுலயே இங்கிலீஷ் டீச்சர் இருக்காங்களேய்யா! நீயே எழுதிடு," என்று முதலாளி கம்பெனி போனை அவர் கையில் திணித்துவிட்டார். டாக்டரம்மாவின் வீட்டுக்காரரை ஆபரேஷன் பண்ணச் சொன்னது போலத்தான்.

வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. தையல் பிரிவில் பாதி மெஷின் உறை போட்டுக் கிடந்தது. இந்த ஆர்டர் வரவில்லை என்றால் தையல்காரர்களைப் பாதிக்குப் பாதி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அதைச் சொல்லும் வேலையும் அவர் தலையில்தான் விழும்.

"கவலைப்படாதீங்க. பரீட்சைப் பேப்பர் திருத்தி முடிச்சிட்டு நானே எழுதித் தர்றேன்," என்றாள் டீச்சரம்மா.

பேப்பர் கட்டு அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது. அது முடிகிற வரை அந்தம்மா காத்திருப்பாளா? சூப்பர்வைசர் நைசாகச் செருப்பை மாட்டிக்கொண்டு மைத்துனனின் கடைக்குக் கிளம்பினார்.

மைத்துனன் போன் உறை விற்கிற கடை வைத்திருந்தான். வெளிநாட்டுப் பயணிகளோடு பேசிப் பேசி இங்கிலீஷ் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்பது அவன் எண்ணம். அவன் பேசுவதெல்லாம் கால்குலேட்டரில் விலையை அடித்துக் காட்டுவதுதான் என்று அவன் அக்கா சொல்வாள்.

"இதுக்கா மாமா இப்படி வேர்த்துப் போய் வந்திருக்கீங்க? மெத்தை ரொம்பத் தொளதொளன்னு இருக்கும்னு அந்தம்மா பயப்படுது. கெட்டியாவும் இருக்கும்னு ஒரு வரி தட்டிவிடுங்க, முடிஞ்சது."

"கெட்டிக்கு 'ஹார்ட்'தானே?"

"வெறும் 'ஹார்ட்' போட்டா கல்லுன்னு நினைச்சுக்கும். ஒரு 'லி' சேருங்க. 'லி' சேர்த்தா வார்த்தைக்கு வலு கூடும் மாமா. ஸ்லோ, ஸ்லோலி. குயிக், குயிக்லி. ஹார்ட், ஹார்ட்லி!"

சூப்பர்வைசருக்கு மனசு நிறைந்துவிட்டது. கடை வாசலில் நின்றபடியே தட்டினார்: "நோ மேடம். இட் இஸ் ஹார்ட்லி சாஃப்ட். அவர் பீப்பிள் வொர்க் ஹார்ட்லி."

வீடு வந்து சேர்வதற்குள் பதில் வந்துவிட்டது. "ஓ! ஹார்ட்லி! குட், குட்! ஐ லைக் பீப்பிள் வொர்க் ஹார்ட்லி!"

வெற்றி வீரனைப் போலப் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

"கிண்டல் பண்றாங்க," என்றாள்.

"கிண்டலா? 'குட்'னு ரெண்டு தடவை போட்டிருக்காங்களே?"

"ரெண்டு தடவை போட்டதாலதான் கிண்டல். 'ஹார்ட்லி'ன்னா கடினமான்னு அர்த்தம் இல்லைங்க. அனேகமா இல்லவே இல்லைன்னு அர்த்தம். 'மெத்தையில மெத்துங்கறது பேருக்குத்தான். எங்க ஆளுங்க துரும்பைக் கூடக் கிள்ளிப் போட மாட்டாங்க'ன்னு எழுதியிருக்கீங்க. யார் சொல்லிக் கொடுத்தது?"

மைத்துனனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. காட்டிக்கொடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. "அவனா?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

மறுநாள் காலை தையல் பிரிவில் மெஷின்கள் கடகடத்துக்கொண்டிருந்தபோது ஓட்டல்காரம்மாவிடமிருந்து போனே வந்துவிட்டது. சூப்பர்வைசர் பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே ஓடிப்போய் நின்றார். மைத்துனன் சொல்லி வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. "போன்ல மாட்டிக்கிட்டா 'அப்சல்யூட்லி'ன்னு சொல்லிடுங்க மாமா. எதுக்கும் பொருந்தும். கண்டிப்பான்னு அர்த்தம்."

அந்தம்மா ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திப் பேசினாள். நமக்குப் புரியட்டும் என்று இப்படி மெதுவாகப் பேசுகிறாளே, எவ்வளவு பெரிய மனசு என்று சூப்பர்வைசர் உருகிவிட்டார்.

"மேட்ரஸ்... ஃபைவ் இயர்ஸ்... நாட் கோ டவுன்?"

"அப்சல்யூட்லி, மேடம்!"

"யூ... ஸ்லீப்... ஆன் திஸ் மேட்ரஸ்?"

அவர் வீட்டில் இருப்பதும் கம்பெனி மெத்தைதான். அடித்துப் போட்டது போலத் தூங்குகிறவர் அவர். அதை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மனைவி சொன்னதெல்லாம் பரபரப்பில் பறந்துவிட்டது. வலுவான வார்த்தை ஒன்றுதான் வாயில் வந்து நின்றது.

"ஹார்ட்லி, மேடம்! எவ்ரி நைட் ஹார்ட்லி!"

அந்தப் பக்கம் கலகலவென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தபடியே போனை வைத்துவிட்டாள்.

சிரிப்பு அடங்கிய பிறகுதான் அவருக்கு 'ஹார்ட்லி'யின் அர்த்தம் உறைத்தது. மெத்தை அமுங்கிப் போகாதா என்று கேட்டதற்குக் 'கண்டிப்பாப் போகும்' என்றாகிவிட்டது. நீ இதில் தூங்குகிறாயா என்று கேட்டதற்கு 'எங்கே தூங்கறது!' பஞ்சு மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தையல்கார அக்கா ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஆர்டர் வந்துடுமா சார்?" என்று கேட்டாள்.

இனி மைத்துனன் பேச்சைக் கேட்பதில்லை, அகராதியைத்தான் நம்புவது என்று முடிவெடுத்தார். மெத்தையைப் பற்றிப் பேசினால்தானே வம்பு? கம்பெனியின் நாணயத்தைப் பற்றி எழுதிவிடலாம். 'நியாயமாக' என்பதற்கு அகராதி 'ஃபேர்லி' என்றது. அவருக்குத் தெம்பு வந்தது. "மேடம், வீ ஆர் ஃபேர்லி ஹானஸ்ட் பீப்பிள். அவர் ஓனர் இஸ் ஃபேர்லி குட் மேன்."

பதில் உடனே வந்தது. "எஸ்! இன் பிசினஸ், ஃபேர்லி இஸ் மோஸ்ட் இம்பார்ட்டன்ட்!"

அன்று மாலை டீச்சரம்மா அதைப் படித்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இதுலயும் கிண்டலா?" என்றார் அவர்.

"பின்னே? 'ட்ரீட் ஃபேர்லி'ன்னு வினைச்சொல்லோட சேர்ந்தாத்தாங்க அதுக்கு 'நியாயமா'ன்னு அர்த்தம். 'ஹானஸ்ட்'டுக்கு முன்னாடி 'ஃபேர்லி' போட்டா 'ஏதோ ஓரளவுக்கு'ன்னு ஆயிடும். 'நாங்க ஏதோ ஓரளவுக்கு நேர்மையானவங்க. எங்க முதலாளி ஏதோ பரவாயில்லாத ஆளு.' நாலு பேர் மத்தியில என்னைக் காட்டி 'இவ என் சம்சாரம், ஏதோ ஓரளவுக்கு நல்லவ'ன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து சாப்பாடு கேட்டுப் பாருங்களேன்."

சூப்பர்வைசருக்கு இப்போது தெளிவாகப் புரிந்துவிட்டது. புரிந்ததும் அழுகை வந்தது.

டீச்சரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. பரீட்சைப் பேப்பர்களை ஓரமாகத் தள்ளி வைத்தாள். "இப்படிக் கொடுங்க," என்று போனை வாங்கினாள். ஒரு வார்த்தை பிசகாமல் எழுதினாள். எங்கள் மெத்தை வெரி சாஃப்ட், ஆனால் டூ சாஃப்ட் அல்ல. எங்கள் ஆட்கள் வெரி ஹார்டாக உழைப்பவர்கள், ஹார்ட்லி அல்ல. நாங்கள் ஃபேர்லி அல்ல, கம்ப்ளீட்லி ஹானஸ்ட். முந்தைய செய்திகளில் நேர்ந்த பிழைகளை மன்னிக்கவும். காற்புள்ளி முதல் முற்றுப்புள்ளி வரை எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

"இதுல யாரும் குத்தம் கண்டுபிடிக்க முடியாது," என்று சொல்லி அனுப்பினாள்.

அதுவரைக்கும் உடனுக்குடன் பதில் போட்டுக்கொண்டிருந்த ஓட்டல்காரம்மா, அதற்குப் பதிலே போடவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் ஒரே வரி வந்தது. "ஐ ஆம் நாட் ஹேப்பி. ஐ ஆம் கமிங்."

"ரொம்ப லேட்டாத் திருத்தியிருக்கோம்," என்றாள் டீச்சரம்மா. "காயம் ஏற்கெனவே ஆழமாப் பட்டுடுச்சு."

"இந்த 'ரொம்ப'வுக்கு 'வெரி'யா, 'டூ'வா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"'டூ'ங்க," என்றாள் அவள் பரிதாபமாக.

ஓட்டல்காரம்மா வருகிற செய்தி கேட்டு முதலாளி போனை வாங்கிப் பழைய செய்திகள் எல்லாவற்றையும் யாரையோ வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தார். காலையில் சூப்பர்வைசர் உள்ளே நுழைந்ததும் வெடித்தார்.

"யோவ், நான் ஏதோ பரவாயில்லாத ஆளா?"

"நியாயமான ஆளுன்னுதான் முதலாளி எழுதினேன்..."

"எதிர்க் கம்பெனிக்காரன் கூட நம்ம மெத்தையை இப்படிக் கேவலப்படுத்தினது இல்லையே! இத்தனை வருஷம் என் உப்பைத் தின்னுட்டு... அந்தம்மா வந்து கத்திட்டுப் போகட்டும். அப்புறம் உன்னை வச்சுக்கறேன்."

சூப்பர்வைசர் தலையைக் குனிந்துகொண்டார். தனக்கு வேலை போனால் போகட்டும். உறை போட்ட மெஷின்களைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. ஷோரூமில் இருந்த மெத்தைகளிலேயே நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தையல் பிரிசல் இருக்கிறதா என்று விளிம்பு முழுக்கத் தடவிப் பார்த்து, புது விரிப்புப் போட்டு வைத்தார். டீச்சரம்மாவும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். இனிமேலாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தையும் தப்பாகப் போகக் கூடாதே.

கார் வந்து நின்றது. குட்டை முடியும் கறுப்புக் கோட்டுமாக ஓட்டல்காரம்மா இறங்கினாள். முகம் இறுகிப் போயிருந்தது. கூடவே கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளம்பெண்ணும் இறங்கினாள்.

"குட் மார்னிங் மேடம். வீ ஆர் எக்ஸ்ட்ரீம்லி சாரி," என்று டீச்சரம்மா சுத்தமான உச்சரிப்பில் தொடங்கினாள்.

ஓட்டல்காரம்மா அவளைத் திருதிருவென்று பார்த்தாள். பிறகு நேராகப் போய் மெத்தையில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அமுக்கினாள். கோட்டோடு அப்படியே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடினாள். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

சட்டென்று எழுந்து உட்கார்ந்தவள், சூப்பர்வைசரை நேராகச் சுட்டிக் காட்டி என்னவோ ஒரு பாஷையில் படபடவென்று பொரிய ஆரம்பித்தாள். அது இங்கிலீஷ் இல்லை என்று மட்டும் டீச்சரம்மாவுக்குத் தெரிந்தது.

"என் மேல தப்பு இல்லை மேடம்!" முதலாளி கையெடுத்துக் கும்பிடாத குறையாக முன்னால் வந்தார். "எல்லாம் இவன் பண்ணினது. இவனை இப்பவே வேலையை விட்டுத் தூக்கிடறேன்!"

"ஐயையோ, வேண்டாங்க," என்றாள் அடையாள அட்டைப் பெண் அவசரமாக, நல்ல தமிழில். "நான் மேடத்துக்கு மொழிபெயர்க்க வந்தவ. மேடத்துக்கு இவர் மேல மரியாதைதான். இவர் எழுதின இங்கிலீஷ் மாதிரித் தெளிவா யாரும் எழுதினதே இல்லையாம். ஒவ்வொரு வரியும் அப்படியே புரிஞ்சுதாம். கடைசியா வந்த ஒண்ணுதான் அவங்களுக்குப் பிடிக்கல."

"கடைசியா வந்தது நான் எழுதினதாச்சே!" என்றாள் டீச்சரம்மா.

"இவங்க கோபமே இது ஒண்ணுதாங்க," என்றாள் அந்தப் பெண். "முதல்ல 'டூ சாஃப்ட்'னு சொல்லி ஆசை காட்டிட்டு, கடைசில வெறும் 'வெரி சாஃப்ட்'டுக்கு இறங்கிட்டீங்களே, அந்த நல்ல மெத்தையை எல்லாம் வேற யாருக்குக் கொடுத்தீங்கன்னு கேக்கறாங்க."