மாப்பிள்ளை ஓட்டிய ஃபோர்க்லிஃப்ட்

"பயிற்சி பெற்று, எழுத்து மூலம் அனுமதிக்கப்பட்டவர் தவிர வேறெவரும் ஃபோர்க்லிஃப்டை இயக்கலாகாது." தேனிப் பக்கம் நான் ஸ்டோர் அதிகாரியாக இருந்த நூற்பாலையில் இந்த விதி சுவரில் ஒட்டியிருந்தது. எழுதியவன் நான். கையொப்பமும் என்னுடையது. மீறியவன் யார் என்று சொல்லத்தான் இன்னும் கூசுகிறது.

எண்பதுகளில் ஓர் ஆயுதபூஜை. வெளியார் மில்லுக்குள் வரக்கூடிய ஒரே நாள். என்னை மாப்பிள்ளையாக எடுக்கலாமா என்று பார்க்க, போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்து, பூஜைப் பந்தலுக்கு எதிரே நாற்காலியில் அமர்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. (பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிருந்தது. இவர் தலையசைத்தால்தான் கல்யாணம்.)

பஞ்சுப் பொதி தூக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை போட்டு, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் நீட்டியிருந்த இரும்புக் கவையில் பலகை போட்டு, அதன்மேல் சுண்டல் அண்டாவை ஏற்றியிருந்தார்கள். பழத்தை நசுக்கிய கையோடு விருந்தினர் முன் போய்ச் சுண்டல் கொடுப்பது எங்கள் மில் வழக்கம். ஆபரேட்டர் பாண்டி ஏறப் போனான்.

"இறங்குப்பா, நான் எடுக்கிறேன்."

"வேணாம் சார். மேனேசர் பாத்தாகன்னா என்னையத்தேன் வைவாக."

"எனக்குக் கார் லைசென்ஸ் இருக்குய்யா!"

பழம் நசுங்கியது. கைதட்டினார்கள். அத்தோடு இறங்கியிருக்கலாம். போடிக்காரர் இருந்த பக்கம் ஸ்டியரிங்கை இடதாக ஒடித்தேன். கார் முன்சக்கரத்தால் திரும்பும். இதுவோ பின்சக்கரத்தால் திரும்புகிற வண்டி. முன்பக்கம் பெண் வீட்டாரை நோக்கி மரியாதையாகப் போக, பின்பக்கம் வலப்புறம் வீசிப் பந்தல்காலைப் பெயர்த்தது. வாழைமரம், தோரணம், கீற்று எல்லாம் மானேஜர் தலையில்.

"ஏலே, எவன்லே அது? நிப்பாட்டுலே!" என்றது கீற்றுக்கு அடியிலிருந்து அவர் குரல்.

ரிவர்ஸ் போடலாம் என்று இடது மிதியைத் தரையோடு மிதித்தேன். காரில் அது கிளட்ச். இந்த வண்டியில் முழுசாக மிதித்தால் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். வண்டி நின்றது. சுண்டல் நிற்கவில்லை. அண்டா ஓரடி முன்னால் விழுந்துவிட, உள்ளே இருந்தது மட்டும் பயணத்தைத் தொடர்ந்து, வெள்ளைச் சட்டையில் முடித்துக்கொண்டது.

போடிக்காரர் மெதுவாக எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கொண்டைக்கடலையை அள்ளிக் கீழே போட்டார்.

"தம்பி, ஒரு கரண்டி போதும்னு சொல்லியிருப்பேன்ல" என்றார். "ஊருக்குப் போயி எழுதிப் போடுறோம்."

தீபாவளி போனது, கார்த்திகை போனது, கடிதம் வரவில்லை. தபால்காரரைக் கண்டாலே ஸ்டோருக்குள் ஒளிந்துகொள்வேன். மில்லில் யார் வீட்டு விசேஷமானாலும், "அந்த சார் வாராகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பந்தல்காரர் கால் ஊன்றினார்.

விருந்தாளி வந்தால் என் மனைவி இன்றும், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆரம்பிப்பாள்: "இவுக எங்கப்பாவுக்குச் சுண்டல் குடுத்துத்தேன் என்னையக் கட்டுனாக." பேரப்பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். நான் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வேன். சைக்கிளுக்கு மேல் எனக்கு ஒரு வண்டி வாய்த்ததே இல்லை. "பெண் கொடுக்கச் சம்மதம். சீராகத் தருவதாக இருந்த ஸ்கூட்டரை மட்டும் தருவதற்கில்லை" என்று மாமனாரின் பதில் வந்து சேர்ந்தது, மாட்டுப் பொங்கலன்று.