பதினொரு நாற்காலிகளும் ஒரு கைதட்டலும்

எனக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை. வந்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் தரமான பொய்யாகச் சொல்லியிருப்பேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். காதல் கல்யாணம். மாமியார் அதைத் தடுக்கவும் இல்லை, மனதார ஏற்கவும் இல்லை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "அவரு சாப்பிட்டாரான்னு கேளு" என்று மகளிடம்தான் சொல்வார். ஒரே ஒரு தடவை என்னை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜொகூர் பாருவில், குடும்பத்தோடு பார்க்கக்கூடிய பாட்டும் நகைச்சுவையும் கலந்த மேடை நிகழ்ச்சி ஒன்று வந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு ஆரம்பம். மாமியாருக்குப் பாட்டு என்றால் உயிர். அம்மா வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி கவிதாவையும் சேர்த்து, அவர்கள் ஊரான சாஆவிலிருந்து பதினொரு பேர் வேனில் வருவதாக ஏற்பாடு. டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது, முந்துகிறவருக்கே இடம். "அத்தைக்கு முன்னால சீட்டு, அது என் பொறுப்பு" என்று போனில் மார்தட்டினேன் (யாரும் கேட்கவில்லை).

பக்கத்திலேயே தம்போயில் இருந்த என் வீட்டிலிருந்து கிளம்பி இரண்டு மணிக்கே போய் மூன்றாவது வரிசையைப் பிடித்துவிட்டேன். சிங்கப்பூரில் வேலை பார்ப்பவன் அல்லவா, அங்கே சாப்பாட்டுக் கடைகளில் செய்வதுபோல் டிஷ்யூ பொட்டலம் வைத்து இடம் பிடிக்கும் வித்தை கைவந்த கலை. ஆனால் இருந்ததோ நான்கு பொட்டலம்தான். மீதி நாற்காலிகளுக்குக் குடை, தண்ணீர் போத்தல், கைக்குட்டை, காரின் வெயில் மறைப்பு அட்டை, இடுப்பு பெல்ட், கடைசியாக என் காலில் கிடந்த இரண்டு சப்பாத்துகள் என்று ஒவ்வொன்றாகப் போய் அமர்ந்தன.

மூன்று மணிக்குக் கவிதா அழைத்தாள். "ஆயர் ஈத்தாம்கிட்ட பயங்கர ஜேம்லா. வேன் நகரவே மாட்டேங்குது. சீட்டை மட்டும் விட்டுடாதீங்க, அம்மா ரொம்ப ஆசையா வர்றாங்க."

அரங்கம் நிரம்பிவிட்டது. ஓரத்தில் நின்றவர்கள் எல்லாரும் மேடையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். ஓர் அக்கா நேராக வந்தார்.

"தம்பி, இங்க ஆளு இருக்கா?"

"இருக்காங்கக்கா. டாய்லெட் போயிருக்காங்க."

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்."

அடுத்து வந்த பெரியவருக்கும் அதையே சொன்னேன். மூன்றாவதாக வந்தவரிடம், "சாப்பாட்டுல ஏதோ கோளாறு" என்றும் சேர்த்துக்கொண்டேன். விஷயம் வரிசை வரிசையாகப் பரவி மேடைக்கே போய்விட்டது போலிருக்கிறது. பாட்டு முடிந்ததும் நகைச்சுவைக் கலைஞர் மைக்கோடு இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"அண்ணே, பெல்டுக்கும் சப்பாத்துக்கும் தனித்தனியா டிக்கெட் வாங்கினீங்களா?"

"இல்லைங்க, குடும்பம். டாய்லெட் போயிருக்காங்க."

"எத்தனை பேரு?"

"பதினொரு பேரு."

"எப்போ போனாங்க?"

"ரெண்டு மணிக்கு" என்று உளறிவிட்டேன்.

"அலமாக்! இப்போ நாலரைண்ணே!"

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். பெல்ட் இல்லாததால் கால்சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி வெறும் காலுறையோடு நின்றேன். "இவ்வளவு கஷ்டத்துலயும் ஷோவுக்கு வந்த குடும்பம்! அவங்க திரும்பி வந்ததும் எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டணும், சரியா?" என்றார் அவர். சரி என்று சபை முழங்கியது.

சொல்லி வைத்ததுபோல் கதவு திறந்தது. பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாக மாமியார். பின்னால் பத்துப் பேர். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று அரங்கமே எண்ண ஆரம்பித்தது. பதினொன்று வந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிரம்ஸ்காரர் வேறு தன் பங்குக்கு வெளுத்து வாங்கினார்.

மாமியார் ஒரு கணம் திகைத்தார். பிறகு இரு கையும் கூப்பி, இடமும் வலமும் கும்பிட்டுக்கொண்டே சிறப்பு விருந்தினர் மாதிரி நடந்து வந்தார். என் வலது சப்பாத்தை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, எனக்காக இத்தனை பேரை எழுந்து நிக்க வச்சிட்டீங்களே!"

உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். "ஆமாங்க அத்தை" என்றேன். எனக்கும் கண்ணீர் வந்தது. சத்தியமாக, சந்தோஷத்தில்தான்.

அடுத்த இரண்டு வருடத்தில் இந்தக் கதையை மாமியார் சாஆ முழுக்கச் சொல்லிவிட்டார். மற்ற பத்துப் பேருக்கும் பக்கத்து வரிசைக்காரர்கள் சொல்லி அன்றைக்கே உண்மை தெரியும். எந்த விசேஷத்துக்குக் கிளம்பினாலும் மைத்துனன், "எல்லாரும் டாய்லெட் போயாச்சா?" என்பான். கூட்டமே சிரிக்கும். "இதுல என்னடா சிரிப்பு?" என்று மாமியார் கேட்பார். நான் சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவதுபோல் குனிந்துகொள்வேன்.

போன தீபாவளியன்று என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். யாரோ அந்த நிகழ்ச்சியில் என் உளறலையும் சேர்த்து எடுத்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருக்கிறார்கள். "மன்னிச்சிடுங்க அத்தை" என்றேன்.

அவர் முறுக்கைத் திருப்பிப் போட்டார்.

"அது கிடக்கட்டும் மாப்பிள்ளை. அன்னைக்கு ஜேம்ல ரெண்டு மணி நேரமா அடக்கிக்கிட்டு வந்தேன். டாய்லெட் எங்கன்னு கேக்கத்தான் அந்தக் கதவைத் தொறந்தேன். அத்தனை பேரும் எழுந்து கைதட்டுறாங்க, அப்புறம் எங்க போறது? ஷோ முடியிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்."

இப்போதெல்லாம் கிளம்பும்போது அந்தக் கேள்வியைக் கேட்பவர் அவர்தான். முதல் ஆளாகப் போய்விட்டு வருபவரும் அவர்தான்.