மூன்று நாற்காலியும் அடங்குகிற லென்ஸ்

பதினோரு மாத ஆராய்ச்சி, நாற்பத்தாறு வரிசை கொண்ட ஒப்பீட்டு அட்டவணை, எட்டுக் கடைக்காரர்களின் மனக்கசப்பு ஆகியவற்றைக் கடந்து, டிஜிட்டல் கேமராவுக்கான வைட் ஆங்கிள் லென்ஸ் தேர்வு இறுதிக் கட்டத்தை எட்டிவிட்டது என்ற மாபெரும் அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறை வாசலில் வெளியிடப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் இருவர்: மனைவி, மிக்சி. மிக்சி நடுநடுவே குறுக்கிட்டது.

அறிவித்தவர் ஒரு தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் அதிகாரி. திருகாணி வாங்குவதற்கே மூன்று கொட்டேஷன் கேட்பவர். வீட்டுக்குத் துடைப்பம் வாங்கவும் அதே சட்டம்தான். அதனால் சொந்தபந்தங்கள் அவருக்குச் சூட்டிய பெயர் கொட்டேஷனார்.

பதினோரு மாதமாக வந்து விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், ஒன்பதாவது கடைக்காரர் இரண்டு லென்ஸையும் அவர் கையில் திணித்திருந்தார். "ஒரு வாரம் வச்சுப் பாருங்க சார். ஏதாவது ஒண்ணை எடுத்துக்குங்க. எதுவானாலும் பரவால்ல" என்று கிட்டத்தட்டக் கும்பிட்டுவிட்டார்.

"ஒண்ணு முப்பத்தஞ்சு எம்எம். இன்னொண்ணு இருபது. ரெண்டுமே ஃபாஸ்ட் லென்ஸ். இருட்டு அறையிலகூட ஃப்ளாஷ் இல்லாம எடுக்கலாம்" என்றார் கொட்டேஷனார்.

"எவ்வளவு ஃபாஸ்ட்டு?"

"ஒன் பாயின்ட் எய்ட். அந்த நம்பர் குறையக் குறைய வேகம்."

"எம்எம்?"

"அது குறையக் குறைய அகலம்."

"விலை?"

"அது மட்டும் குறையாது."

மனைவி மிக்சியை நிறுத்தினாள். "ஒரே ஒரு கண்டிஷன். இந்த ஒரு வாரத்துக்குள்ள அதால உருப்படியா ஒரு காரியம் நடக்கணும். நடந்தா எது வேணுமோ வச்சுக்குங்க. இல்லேன்னா ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டு வந்துடணும். அப்புறம் ஆயுசுக்கும் இந்த வீட்டுல லென்ஸ் பேச்சே எடுக்கக்கூடாது."

கொட்டேஷனார் தாடியை நீவிக்கொண்டார். கேமரா வாங்கிய நாள் முதல் மூன்று வருடமாக அவர் தலையிலும் முகத்திலும் கத்தி பட்டதில்லை. கலைஞன் என்றால் பார்த்ததும் தெரிய வேண்டாமா? முடி தோளைத் தொட்டது, தாடி மார்பைத் தொட்டது. மனைவி முதல் வருடம் சொல்லிப் பார்த்தாள், இரண்டாம் வருடம் கெஞ்சிப் பார்த்தாள், மூன்றாம் வருடம் பேச்சையே விட்டுவிட்டாள். ஒருவழியாகக் கலையைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை இருபதை மாட்டிச் சமையலறையைப் படம் பிடித்தார். பத்துக்கு எட்டு அறை, கல்யாண மண்டபம் போல விரிந்து கிடந்தது.

"பாத்தியா, எவ்வளவு பெருசா இருக்கு!"

"தெரியுது. இவ்வளவு பெரிய சமையல்கட்டை நான் ஒருத்தியா துடைக்கிறேன்னும் தெரியுது" என்றாள். அந்தப் படத்தை அவரே அழித்துவிட்டார்.

செவ்வாய் வீணாகப் போனது. புதன்கிழமை, மனைவியின் அண்ணன் போன் செய்தார். சலூன் வைத்திருப்பவர். நோட்டில் பேர் எழுதி நேரம் வாங்காதவர் தலையைத் தொடமாட்டார், அவ்வளவு ஒழுங்கு.

"மாப்ள, கடைக்கு விளம்பரம் அடிக்கப்போறேன். மூணு நாற்காலியும் ஒண்ணா தெரியற மாதிரி ஒரு படம் வேணும். நாளைக்கு மூணு மணிக்கு வர முடியுமா?"

கொட்டேஷனாருக்குப் புல்லரித்தது. உருப்படியான காரியம் தானே வீடு தேடி வந்துவிட்டது. அரைநாள் லீவு போட்டார்.

சலூன் ரயில் பெட்டி போல நீளம், ஒடுக்கம். மூன்று சுழல் நாற்காலிகள். இரண்டு பக்கச் சுவர்களிலும் எதிரெதிராக நெடுகக் கண்ணாடி. டியூப்லைட் மங்கல். "இதுக்குத்தான் மச்சான் ஃபாஸ்ட் லென்ஸ்" என்று முப்பத்தைந்தை மாட்டினார். இரண்டு நாற்காலிதான் அடங்கியது. பின்னால் போனார். இன்னும் போனார். கதவைத் தாண்டினார். தெருவில் ஒரு சைக்கிள்காரர் பெல் அடித்துத் திட்டிவிட்டுப் போனபோது, இரண்டரை நாற்காலி அடங்கியிருந்தது.

உள்ளே வந்து இருபதை மாட்டி, கடைக்கோடிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். மூன்று நாற்காலியும் அடங்கின. கூடவே கொட்டேஷனாரும் அடங்கினார். ஒருவராக அல்ல. கண்ணாடிக்குள் கண்ணாடி, அதற்குள் கண்ணாடி என்று, புதர்த் தலையும் கறுப்புக் கேமராவுமாக ஒன்பது கொட்டேஷனார்கள் வரிசை கட்டி நின்றார்கள்.

"ஊர்வலம் மாதிரி இருக்கே மாப்ள" என்றார் மச்சான்.

"ஒளிஞ்சுக்கறேன்."

கடைசி நாற்காலிக்குப் பின்னால் குந்தி, கைப்பிடியில் கேமராவை வைத்து எடுத்தார். ஆள் மறைந்தார். முடி மறையவில்லை. நாற்காலியின் தலைக்கு மேல் ஏதோ செடி முளைத்த மாதிரி இருந்தது.

"நாலு விரக்கடை குறைச்சா சரியாப் போயிடும்" என்றார் மச்சான், கத்தரிக்கோலைச் சீப்பில் தட்டியபடி. "வேணாம்னா விட்டுடலாம். படம் உங்களோடது."

கொட்டேஷனார் யோசித்தார். இன்று வியாழன். ஞாயிறோடு கெடு முடிகிறது. தலையைக் கொடுத்தார்.

இடப்பக்கம் குறைந்தது. உடனே எடுத்துப் பார்த்தார். எதிர்ச் சுவர்க் கண்ணாடி வலப்பக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. அதோடு, வைட் லென்ஸ் ஓரத்தில் நிற்பவரை இழுத்து அகலமாக்கும் என்பதால், ஓரமாக நின்ற மச்சானின் தொப்பை படத்தில் பாதியைப் பிடித்திருந்தது.

"என் வயிறு இவ்வளவா?"

"நடுவுக்கு வாங்க மச்சான். ஓரத்துல நின்னா யாரானாலும் அப்படித்தான்."

"கண்ணாடியை மூடிடலாமா?" என்று கேட்டார் மச்சான். இருந்த வெள்ளைத் துணிகளையெல்லாம் எடுத்து எல்லாக் கண்ணாடிகளையும் மூடினார்கள்.

அப்போதுதான் நாலு மணிக்கு நேரம் வாங்கியிருந்தவர் வந்தார். சுற்றிலும் வெள்ளைத் துணி. நடுவில் பாதித் தலையோடு ஒருவர் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். வந்தவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, மெல்ல அருகில் வந்து, "எப்ப எடுக்கறாங்க?" என்றார்.

"வெளிச்சம் சரியானதும் எடுத்துட வேண்டியதுதான்" என்றார் கொட்டேஷனார், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விஷயம் விளங்கியதும் நாலு மணிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். "துணியை எடுத்துடுங்க. இந்தப் படத்தைப் பாத்தா எவனும் உள்ள வரமாட்டான்" என்றார்.

துணிகள் இறங்கின. மச்சான் நெற்றியைச் சொறிந்தார். "ஏன் மாப்ள ஒளியணும்? கஸ்டமராவே உக்காந்துடுங்க. துணியைப் போத்திவிடறேன். உள்ள கேமராவை வச்சுக்கிட்டு அதோட மூக்கை மட்டும் வெளிய நீட்டுங்க. கண்ணாடியில தெரிஞ்சாலும் முடி வெட்டிக்கிறவர்தானே?"

கொட்டேஷனாரே அசந்துபோனார். கடைசி நாற்காலியில் ஏறி, கடையின் நீளவாக்கில் திரும்பி, போர்வைக்குள் கேமராவோடு உட்கார்ந்தார்.

"ஒரு நிமிஷம்" என்றார் மச்சான். "தலை அரைகுறையா இருக்கே. இதை விளம்பரத்துல போட்டா என் பொழப்பு என்னாகும்?"

நியாயம்தான். தலை முழுமை பெற்றது.

எடுத்தார். முன்னால் இரண்டும், கண்ணாடியில் அவர் உட்கார்ந்திருந்த மூன்றாவதுமாக நாற்காலிகள் பளிச்சென்று விழுந்திருந்தன. ஆனால் படத்தின் மேற்பாதியில் கறுப்பாக ஒரு காடு தொங்கியது.

"இது என்ன?" என்றார் மச்சான், திரையைச் சுட்டி.

கொட்டேஷனார் குனிந்து பார்த்தார். குனிந்ததும் காடும் கூடவே குனிந்தது. "தாடி" என்றார் ஈனஸ்வரத்தில்.

"அள்ளிக் கட்டிக்கிட்டா?"

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார்கள். இப்போது காட்டுக்குப் பதில் குதிரைவால் தொங்கியது. காது வரை தூக்கிச் செருகிப் பார்த்தார்கள். கிளிக் செய்யும் நேரத்தில் அவிழ்ந்து லென்ஸிலேயே விழுந்தது.

"முப்பத்தஞ்சை மாட்டினா தாடி விழாது" என்றார் கொட்டேஷனார் கடைசி முயற்சியாக.

"மூணாவது நாற்காலியும் விழாதே மாப்ள."

கொட்டேஷனார் கண்ணை மூடிக்கொண்டார். லென்ஸா, தாடியா? வாழ்க்கையில் முதல் முறையாக, மூன்று கொட்டேஷன் கேட்காமல் ஒரு முடிவெடுத்தார். "எடுங்க மச்சான்."

சோப்பு நுரைத்தது. கத்தி இறங்கியது. மூன்று வருடக் கலை தரையில் குவிந்தது. அந்த மொழுமொழு முகத்தின் கீழிருந்து கேமரா கிளிக் என்றது.

படம் அபாரம். மூன்று நாற்காலி, இரண்டு சுவர், நடுவில் கண்ணியமான தொப்பையுடன் மச்சான், கண்ணாடிகளுக்குள் ஒன்பது திருப்தியான வாடிக்கையாளர்கள்.

மனைவி வேலை முடிந்து அந்த வழியாக வந்தாள். கொட்டேஷனார் கேமராவை நீட்டினார். அவள் திரையை ஒரு நொடி பார்த்தாள். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் லேசாகக் கலங்கியது. கையை நீட்டி அவர் கன்னத்தை ஒருமுறை தடவினாள்.

"இருபதையே வச்சுக்குங்க" என்றாள்.

"அகலம் தெரியுதா?"

"எல்லாம் நல்லாத் தெரியுது. உருப்படியான காரியம்தான் நடந்திருக்கு." அண்ணனும் தங்கையும் ஏதோ பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கின. அதுவும் ஆனந்தம்தான் என்று கொட்டேஷனார் நினைத்தார்.

நாற்காலியிலிருந்து இறங்கி, கன்னத்தில் காற்று பட, நாலு மணிக்காரர் முன்னால் வந்து நின்றார். "பாத்தீங்களா சார், லென்ஸ் தேர்வுங்கிறது சாதாரண விஷயம் இல்ல. முப்பத்தஞ்சை எடுத்திருந்தா இன்னைக்கு இது நடந்திருக்குமா?"

நாலு மணிக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, காலியான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்.

"நடந்திருக்கும் சார். பேப்பரை முடிச்சுட்டு நேரம் போகாம நோட்டைப் புரட்டினேன். ஞாயித்துக்கிழமையே எழுதியிருக்கு: 'வியாழன் மூணு மணி, மாப்ள, முடி, தாடி, தங்கச்சி ஆர்டர்.' நான் நாலு மணி."