முன்கேட்டு வழியாத்தான்

"இதுல ஒரு கையெழுத்தப் போட்டுட்டு வண்டிய எடுத்துக்கினு போம்மா, எனக்குப் பேஜாரு வைக்காத" என்று காகிதத்தை நீட்டினார் வாச்மேன் சவுரிராயன்.

அம்சவள்ளி வாங்கிப் படித்தாள். விடுதிச் சமையலறையிலிருந்து உணவுக் கழிவைத் திருடியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக அவள் பேரிலேயே டைப் அடித்திருந்தார்கள்.

"எச்சி சோத்த மாட்டுக்கு எடுத்துக்கினு போறது திருட்டா? போட மாட்டேன்."

திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே ரோட்டோரம் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தில் அவள் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. விடுதி மெஸ்ஸில் மிஞ்சுகிற சோறு, சாம்பார், காய்கறித் தோல் எல்லாம் பின்பக்கம் நிற்கிற நாலு நீல டிரம்களில் விழும். வேலை முடிந்ததும் அதை மாட்டுக்கு இத்தனை என்று கேன்களில் மொண்டு, மூணு சக்கர சைக்கிளில் ஏற்றி, வீட்டு மாடுகள் நாலுக்கும் கொண்டுபோவாள். ஒன்பது வருஷமாக இதுதான் நடக்கிறது. அவள் வெளியே போகிற நேரத்தையும் கேன் கணக்கையும் சவுரிராயன் ஒன்பது வருஷமாக கேட் நோட்டில் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஊருக்கே தெரிந்த சங்கதி.

தெரியாத ஒரே மனுஷர் சக்கரபாணி. பல்கலைக்கழகத்தின் நிலைத்த வளர்ச்சி மையத்துக்கு அவர்தான் இயக்குநர். விடுதிக் கழிவை நாலு யூனிட்டுகள் மின்சாரமே இல்லாமல் செரித்துவிடுகின்றன என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டுப் பெரிய பேர் வாங்கியவர். எழுதியது பரிமளா என்கிற ஆராய்ச்சி மாணவி. அவள் பட்டம் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். கட்டுரையின் முதல் பக்கம் மட்டும், அவர் பேர் முதலில் இருக்கிற பக்கம், சட்டம் போட்டு அவர் அறையில் தொங்கியது. மீதிப் பக்கங்களை அவர் எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

அந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் பசுமை வளாக விருது கொடுக்க ஒரு குழு வருவதாகக் கடிதம் வந்தது. வளாகத்துக் கழிவு ஒரு பருக்கை கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று சக்கரபாணி சட்டம் போட்டார். போட்ட அன்று சாயங்காலமே அம்சவள்ளியின் கேனிலிருந்து கழனித் தண்ணி தளும்பி அவர் கார் கண்ணாடியில் தெறித்தது. விடுவாரா? டிரம்கள் பாட்டுக்குச் செரித்துக்கொண்டிருக்கிற ஆராய்ச்சிப் பொருளை இவள் ஓரமாக அள்ளிப் போகிறாள் என்று அவருக்குக் கோபம். கேனைப் பிடுங்கினார்கள், காகிதம் தயாரானது. மாசக் கடைசிக்குள் கையெழுத்து, இல்லாவிட்டால் ஒண்ணாம் தேதியிலிருந்து வேலை இல்லை.

அம்சவள்ளிக்குப் பயம் இல்லாமல் இல்லை. அந்தச் சம்பளத்தையும் பாலையும் வைத்துத்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் ஒரு தரம் திருடின்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு எவன் செல்போன் காணாமல் போனாலும் முதலில் இவள் பையைத்தான் உதறுவார்கள். வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம், இந்தப் பேர் வந்தால் எங்கே போய்க் கழுவுவது? காகிதத்தை மேஜைமேல் திருப்பி வைத்துவிட்டு வெறும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மத்தியானத்துக்குள் நாலு டிரம்மும் நிரம்பி வழிந்தன.

சக்கரபாணி அசந்துபோனார். இத்தனை வருஷம் செரித்த டிரம்களுக்குத் திடீரென்று என்ன கேடு? கூட்டிக்கொண்டிருந்த அம்சவள்ளியைக் கூப்பிட்டு, கோபத்தில் பினாயில் ஊற்றினாயா என்று விசாரித்தார்.

"டிரம்மு எங்கனா சோறு தின்னுமா சார்?" என்றாள் அவள்.

இது விஞ்ஞானம், உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு, நுண்ணுயிர்களை எழுப்ப வெல்லமும் மோரும் கரைத்து ஊற்றச் சொன்னார். நுண்ணுயிர்கள் நன்றாகவே எழுந்தன. நுரை பொங்கி நடைபாதையெல்லாம் ஓடியது. அதைத் தள்ளிக் கழுவியதும் அம்சவள்ளிதான். அப்புறம் திண்டிவனத்திலிருந்து மண்புழு வந்தது. மெஸ் சாம்பாரின் காரம் தாங்காமல் புழுக்கள் டிரம் விளிம்பேறி ஆசிரியர் ஓய்வறைப் பக்கமாக ஊர்ந்தன. ஒரு பேராசிரியை நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு ராஜினாமா பற்றிப் பேசினாராம். இதெல்லாம் சரிப்படாது, காற்றே புகக் கூடாது என்று மூடி போட்டு இறுக்கிக் கட்டினார்கள். மூணாம் நாள் வெயிலில் ரெண்டு மூடிகள் வெடித்துப் பறந்தன. மாணவிகள் காயப்போட்டிருந்த அத்தனை சுடிதாரிலும் பழைய புளிக்குழம்பு. நெடுஞ்சாலை ஓட்டல்களை நம்பிப் பிழைத்த நாய்களெல்லாம் குடும்பத்தோடு இங்கே குடிவந்தன.

குழு வர ஒரு நாள் இருந்தபோது சக்கரபாணியே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அம்சவள்ளியைத் தேடி வந்தார். குரல் குழைந்திருந்தது.

"நடந்தது நடந்துபோச்சும்மா. பின்கேட்டத் திறந்துவிடச் சொல்றேன். ஜல்தியா இதெல்லாம் அள்ளிக்கினு போயிடு. யாருக்கும் தெரிய வேணாம்."

அம்சவள்ளி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பின்கேட்டு வழியா போனாதான் சார் அது திருட்டு. நான் முன்கேட்டு வழியாத்தான் போவேன். பகல்ல போவேன். அந்தக் காகிதத்தக் கிழிங்க, இப்பவே அள்ளுறேன்."

எழுதியது எழுதியதுதான், குழு போகட்டும், பிறகு பார்ப்போம் என்று இழுத்தார். அப்போ நானும் பிறகே பாக்குறேன் சார் என்று அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். அவர் எதிரில் அழக் கூடாது என்று வேகமாகக் கூட்டினாள்.

குழு வந்த அன்றுதான் மாசக் கடைசி. வேலை முடிந்ததும் அவள் வெறும் சைக்கிளை முன்கேட்டில் நிறுத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காகிதம் சவுரிராயன் மேஜையில் பேனாவோடு காத்திருந்தது. போடாதே என்று சொல்லவும் அவருக்குத் தைரியம் இல்லை, போடு என்று சொல்லவும் மனசு இல்லை. டீ சொல்லட்டுமா என்று மட்டும் மூணு தரம் கேட்டார்.

உள்ளே நாலு டிரம்மையும் சுற்றி ஊதுவத்தி புகைந்தது. குழுத் தலைவி நரைத்த தலையும் பெரிய கண்ணாடியுமாக ஒரு அம்மாள். கையில் கட்டுரை முழுசும் இருந்தது, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. டிரம்களைப் பார்த்துவிட்டு, இதெல்லாம் சேகரிக்கிற டிரம்தானே, யூனிட் எங்கே என்று கேட்டார். இதுதான் யூனிட் என்று சக்கரபாணி கை காட்டினார். தினம் ரெண்டு வேளையும் தரமான விளைபொருள் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் காட்டுங்கள் என்றார் அந்த அம்மாள். சக்கரபாணி டிரம் குழாயைத் திறந்தார். பழுப்பாக ஒன்று கொழகொழவென்று இறங்கி அவர் செருப்பில் விழுந்தது.

அம்மாள் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். கட்டுரையின் கணக்கெல்லாம் கேட் நோட்டிலிருந்து எடுத்தது என்றும், வாச்மேன் சவுரிராயனுக்கு நன்றி என்றும் அங்கே போட்டிருந்தது. சக்கரபாணிக்கு இது புதுச் செய்தி. எல்லாருமாக முன்கேட்டுக்கு நடந்தார்கள்.

சவுரிராயன் எழுந்து சல்யூட் அடித்தார். ஆமாம், பரிமளாப் பாப்பா ஒரு வருஷம் பூரா இங்கேயே உட்கார்ந்து இந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதிக்கொண்டது, தராசு வைத்துக் கேன் கேனாக எடை கூடப் போட்டது என்றார்.

"நாலாவது யூனிட் மட்டும் மார்ச் மாசத்துல அஞ்சு நாள் எதையுமே எடுத்துக்கலையே, அது ஏன்?" என்று கேட்டார் அம்மாள்.

அது வெப்பநிலை மாறுதல் என்று சக்கரபாணி ஆரம்பித்தார். அம்மாள் அவர் பக்கம் திரும்பவில்லை.

சவுரிராயன் பழைய நோட்டை எச்சில் தொட்டுப் புரட்டினார். சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்த அம்சவள்ளியை ஒரு தரம் பார்த்தார். மேஜையிலிருந்த மன்னிப்புக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, விறைப்பாக நின்று சொன்னார்:

"நாலாவதுங்களா மேடம்? அது இந்த அம்சவள்ளி வூட்டு செவலைங்க, அந்த வாரம்தான் கன்னு போட்டுச்சு."