செருமல் தாங்கும் பயிற்சி

என் கோபத்துக்குப் பயந்தவர்கள் தஞ்சாவூரில் நிறைய உண்டு. பஸ்ஸில் என் பக்கத்து சீட்டைக் காலி செய்துகொண்டு பின்னால் போய் நின்றவர்களும் உண்டு. ஆனால் என் கோபத்தைக் காலையும் மாலையும் டானிக் மாதிரி அளந்து எடுத்து, தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்ட ஒரே மனுஷி பவுடரக்காதான். அவள் பேரை எழுதும்போதே எனக்கு இப்போதும் சுர்ரென்று ஏறுகிறது.

அப்போது நான் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்த்தேன். நாள் முழுக்கப் போனில் அடுத்தவர்களின் கோபத்தைக் கேட்க வேண்டும். சாயங்காலம் அதையெல்லாம் ஹாஸ்டலில் கொண்டுவந்து கொட்டுவேன். ஹாஸ்டல் என்றால் பெரிய ஹாஸ்டல் இல்லை. ஜமீலாம்மாவின் வீட்டு மாடி. அவர் கணவரும் இரண்டு மகன்களும் துபாயில் இருந்தார்கள். சும்மா கிடந்த மாடியை வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டு, சாப்பாடும் போட்டார். எனக்குக் கிடைத்தது பவுடரக்காவின் அறையில் பாதி.

பாதி என்றுதான் சொல்லி முன்பணம் வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் அறையின் நடுவில் ஒரு கேரம் போர்டு, ராஜா மாதிரி ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்திருந்தது. அது போக மிச்சமிருந்த இடத்தில்தான் எனக்குப் பாதி. அக்காவுக்கு நாற்பது தாண்டியிருக்கும். முகத்துக்கு ஒரு நாளும் பவுடர் போட்டுப் பார்த்ததில்லை. ஆனால் கை, முழங்கை, புடவை, தலையணை எல்லாவற்றிலும் கேரம் பவுடர். என் கறுப்பு சுடிதாரில் பவுடர், தட்டில் வைத்த இட்லியில் பவுடர். ஆபீசில் ஒருத்தி என் தலையைப் பார்த்துவிட்டு, இந்த வயதிலேயே இப்படி நரைத்துவிட்டதே என்று என்னிடம் துக்கம் விசாரித்தாள். அன்றைக்கு ஹாஸ்டலுக்கு வந்து நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுப் பூனை ரெண்டு நாள் வரவில்லை.

அக்கா நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டே ஒரு காயையும் தவறவிடாமல் போர்டைக் காலி செய்தாள். பிறகு நிமிர்ந்து, “நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து திட்டறியாடி?” என்று கேட்டாள். வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அவளுக்கு வேலை ஓர் உரக்கடையில். பில் போடும் மேசை. சம்பாவுக்கு மேலுரம் போடுகிற சமயத்தில் யூரியா தட்டுப்பாடு வந்துவிட்டால் அந்தக் கடையில் என்ன நடக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். மேசையைச் சுற்றி வேட்டிகள், நீட்டிய கைகள், ஆளுக்கொரு சத்தம். ஒருவர் பில் புத்தகத்தையே பிடித்து இழுக்கிறார். அக்கா நடுவில் உட்கார்ந்து, “ஐயா, வரிசைல வாங்க, மூட்டை வந்தா உங்களுக்குத் தராம நானா தின்னப் போறேன்” என்று நிதானமாக எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கூட்டத்தில் அசையாத கை, ஒரே ஒரு சத்தத்துக்கு நடுங்கும். ஒரு செருமல்.

செருமியது அவள் புருஷன். முன்னாள் புருஷன் என்று சொல்ல வேண்டும். அந்த ஆள் அவளை அடித்ததில்லை. குடித்ததில்லை. ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. ரசத்தை முதல் வாய் வைத்ததும் தொண்டையைச் செருமுவார். அவள் டி.வி. பார்த்துச் சிரித்தால் செருமுவார். வாசலில் யாரிடமாவது ரெண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டு உள்ளே வந்தால் செருமுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். உப்பா, புளியா, சிரித்ததா, பேசியதா என்று அவளே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு மேல் தேடியிருக்கிறாள். கடைசியில் டம்ளரை எடுத்தாலே கை ஆட ஆரம்பித்ததும் கிளம்பி வந்துவிட்டாள்.

பெரியவர்கள் உட்கார்ந்து விசாரித்தார்களாம். அடிச்சானா? இல்லை. குடிக்கிறானா? இல்லை. வேற பொம்பளை? இல்லை. பின்ன என்னம்மா என்றதற்கு, செருமுறாரு என்றிருக்கிறாள். கூடம் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனதாம். செருமினதுக்கெல்லாம் பொண்டாட்டி வெளில போனா ஊர்ல எவன்தான் குடும்பம் நடத்துவான் என்று ஒருவர் கேட்டாராம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே அவர் வீட்டு வாசலில் நின்று பதில் சொல்லியிருப்பேன். காயம் இருந்தால்தான் கஷ்டம் என்று நினைக்கிற இந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சாப்பாடு இறங்காது.

விட்டது சனி என்று இருக்க முடியவில்லை. அந்த ஆள் கேரம் சங்கத்தில் செயலாளர். எங்கே போட்டி நடந்தாலும் முன்வரிசை நாற்காலி அவருக்கு. அக்கா முதல் சுற்றுகளை வேறு ஹாலில் ஊதித் தள்ளிவிட்டு வருவாள். இறுதி ஆட்டத்தில் குனிந்து குறி வைக்கும்போது முன்வரிசையிலிருந்து “க்ஹும்” என்று ஒன்று வரும். காய் விழ வேண்டிய குழியில் ஸ்ட்ரைக்கர் விழும். வருஷா வருஷம் இதே கதை. பொங்கல் முடிந்து கும்பகோணத்தில் நடக்கும் போட்டிக்குத்தான் இத்தனை பயிற்சியும்.

“எனக்குக் கப்பு வேணாம்டி. அந்த ஆளு உக்காந்திருக்கற ஹால்ல, கை நடுங்காம ஒரு ஆட்டம் ஆடிட்டாப் போதும்” என்றாள்.

அதற்கு அவள் செய்யாத கூத்தில்லை. ஹாஸ்டலில் ஒரு சாப்ட்வேர் பெண், போக்கர் ஆடுகிறவர்களின் வீடியோவைக் காட்டிக் கொடுத்தாள். அவர்கள் மூச்சை இழுத்து விடுகிறார்கள், கையில் நல்ல சீட்டு வந்தாலும் கெட்ட சீட்டு வந்தாலும் முகத்தில் ஒன்றும் காட்டுவதில்லை. அக்கா ஒரு வாரம் அந்த முகத்தோடு உரக்கடைக்குப் போனாள். அந்த முகத்தைப் பார்த்த விவசாயிகள், இந்த வருஷம் யூரியா அறவே கிடையாது என்று முடிவு செய்து ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டு, தயவுசெய்து சிரிம்மா என்று கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒரு ஹோட்டலில் மனவலிமைப் பயிற்சி முகாம். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து, கண்ணை மூடுங்கள், நீங்கள் ஒரு மலை என்றார். ஏசியில் நான் மலையாகித் தூங்கியே போனேன். கேள்வி நேரத்தில் அக்கா எழுந்து, நாம ஒரு வேலை செய்யறப்ப ஒருத்தர் செருமினா என்ன பண்றது என்று கேட்டாள். “சிம்பிள் மேடம், இக்னோர் பண்ணுங்க” என்றார் கோட்டுக்காரர். அது தெரிஞ்சா நான் ஏன் சார் இங்க வர்றேன் என்று இவள் உட்கார்ந்துவிட்டாள். நான் விடவில்லை. கட்டின கட்டணத்துக்குப் பதில் சொல்லுங்க என்று பிடித்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எங்களை மரியாதையாக வெளியே அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் என் தலையில் விடிந்தது. தினமும் நான் திட்டுவதில் அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதனால் நான் செருமிக் காட்ட வேண்டும் என்றாள். அவள் குனியும்போது நான் செருமினேன். அவள் நிமிர்ந்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இது சளிடி. அதுல சளி இருக்காது. நீ பண்ணது எனக்குத் தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்ங்கறது இருக்கும். அப்புடி செருமு.”

ஆபீஸ் போகும் முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம் என்று செருமினேன். வராது. எனக்கு மனதில் இருப்பது அப்படியே வாயில் வந்துவிடுகிற சுபாவம். சொல்லாமல் வைத்துக்கொண்டு செருமுவது எப்படி? அந்தப் பெண்ணையும் இந்தப் பெண்ணையும் பிடித்து அக்கா பழக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் மாடி முழுக்கச் செருமல். புதிதாகச் சேர வந்த ஒரு பெண்ணின் அப்பா, அஞ்சு நிமிஷம் நின்று கேட்டுவிட்டு, இறக்கிய பெட்டியை மறுபடி ஆட்டோவில் ஏற்றினார். எனக்கோ பழக்கம் தொற்றிக்கொண்டு, ஆபீசில் மேனேஜர் பேசும்போது செருமித் தொலைத்தேன். மனிதர் பேச்சை நிறுத்திவிட்டு, அன்று சாயங்காலம் வரை தன் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அந்தச் சத்தத்தின் விஷம் எனக்குப் புரிந்தது.

ஒரு நாள் குழம்பு கொண்டுவந்த ஜமீலாம்மா, இதென்ன புள்ளைங்களா பெரிய வித்தை என்று வாசற்படியில் நின்று ஒரு தடவை செருமினார். அக்காவின் ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தடியில் போய் விழுந்தது. ஜமீலாம்மா குழம்பைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். எங்க மாமியா இப்புடித்தான் செருமுவாங்க, அது நமக்கு மறக்கவா போவுது என்று மட்டும் சொன்னார். மறுநாளிலிருந்து செருமும் வேலை அவருடையது. மாதக் கடைசிக்குள் அக்காவின் ஸ்ட்ரைக்கர் ஜன்னல் வரை போவது நின்றது. பிறகு போர்டுக்குள்ளேயே நின்றது. பொங்கலுக்கு முன்னால் ஜமீலாம்மா எத்தனை செருமினாலும் காய் குழிக்குள் போனது.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. ஜமீலாம்மாவும் நானும் முன்வரிசைக்கு நேர் பின்னால் இடம் பிடித்தோம். எங்களுக்கு முன்னால் அந்த ஆள். வெள்ளைச் சட்டை, மடித்துப் பிடித்த கைக்குட்டை. பார்க்க அவ்வளவு மரியாதையாக இருந்தார், அதுவே எனக்கு எரிந்தது.

இறுதி ஆட்டத்தில் அக்காவுக்கு எதிரே ஒரு கல்லூரிப் பெண், என் சொந்த ஊரான திருத்துறைப்பூண்டிக்காரி. ஆட்டம் சமமாகப் போனது. அந்த ஆள் வாயைத் திறக்கவில்லை. சிவப்புக் காய் குழிக்குத் தோதாக நிற்க, அக்கா குனிந்தாள். அப்போது வந்தது. “க்ஹும்.”

ஸ்ட்ரைக்கர் நேரே குழியில் விழுந்தது. அக்காவின் கை நடுங்கியது, எங்கள் வரிசையிலிருந்தே தெரிந்தது. இத்தனை மாத உழைப்பும் ஒரு சத்தத்தில் போனதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. எழுந்துபோய் அந்த ஆளுக்கு முன்னால் நின்றேன்.

“என்ன சார் சொல்லணும் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க, எல்லாரும் கேக்கறோம்.”

“நான் என்னம்மா சொன்னேன்? தொண்டை...”

“அவங்க குனியறப்ப மட்டும் வர்ற தொண்டையா?”

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். நடுவர் என்னை வெளியே போகச் சொன்னார். போய், மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்துப் பக்க ஜன்னலில் தொற்றிக்கொண்டு நின்றேன். அக்கா என்னை நன்றியோடு பார்ப்பாள் என்று நினைத்தேன். கொன்றுவிடுகிற மாதிரி பார்த்தாள். அவள் தாங்க வேண்டியதை நான் இடையில் புகுந்து வாங்கிக்கொண்டேனாம். அந்தக் கோபத்தில்தானோ என்னவோ, கை நின்றுவிட்டது.

எதிராளி ஆடி முடித்து மறுபடி அக்காவின் முறை வந்தது. சிவப்புக் காய் இன்னும் அங்கேயே இருந்தது. அவள் குனியவில்லை. அந்த ஆளைப் பார்த்துத் திரும்பினாள்.

“செருமுங்க. செருமிட்டீங்கன்னா நான் அடிச்சிருவேன்.”

நடுவருக்கு இதற்கு என்ன விதி என்று தெரியவில்லை. அந்த ஆள் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பின்னாலிருந்து ஜமீலாம்மா பாட்டிலை நீட்டி, ரொம்பக் கரிசனமாக, “தண்ணி குடிச்சிட்டுச் செருமுங்க தம்பி” என்றார். அவர் குடித்தார். நிஜமாகவே புரையேறிவிட்டது. அந்த இருமல் சத்தத்துக்கு நடுவில் அக்கா குனிந்து அடித்தாள். சிவப்பு உள்ளே போனது, அடுத்த அடியில் அதற்குத் துணைக்காயும் போனது.

இத்தோடு ஜெயித்தாள் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. கடைசிச் சுற்றில் ஒரு சுலபமான காயைத் தப்பாகக் கணித்துத் தோற்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அத்தனை பேர் தொண்டையையும் புண்ணாக்கிவிட்டு இப்படித் தோற்கலாமா என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். அவள் பாட்டுக்குச் சிரித்தாள். கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது கொஞ்சமும் அசையவில்லை.

“நானா தோத்தேன்டி. யாரும் என்னயத் தோக்கடிக்கல.”

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். தாராசுரம் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் அப்படி அடித்துப்போட்ட மாதிரி தூங்கி நான் பார்த்ததே இல்லை. பாபநாசத்தில் எனக்குத் தோள் மரத்துப்போனது, அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் எங்கள் சீட்டின் பக்கத்தில் வந்து நின்று, முன்னால் இறங்குகிறவர்களுக்காக விசிலை ஊதினார். அந்தக் கண்டக்டரை நான் நன்றாகத் திட்டினேன். என் வாழ்நாளிலேயே ஒரு மனிதரைக் கிசுகிசுத்துத் திட்டியது அன்றைக்கு மட்டும்தான்.